கேட்காமல் வாங்கிக்கொள்ளும் போன்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்தது பெரிய பெயருள்ள இடம் இல்லை. வேறு கம்பெனிகளின் பெயரை ஒட்டி விற்கிற பட்டன் போன்களைச் செய்து கொடுக்கும் ஒரு ஷெட், அவ்வளவுதான். முடிந்து வரும் போனில் கேபிளைச் செருகி சாஃப்ட்வேர் ஏற்றுவது என் வேலை. பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த ஆளிடம் தள்ளுவேன், சிவப்பு எரிந்தால் ஓரமாக வைப்பேன். சங்கரன்கோவிலிலிருந்து பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவளுக்கு அதில் மூளைக்கு ஒரு வேலையும் கிடையாது. அதனால் கண்டதையும் கவனித்துக்கொண்டிருப்பேன்.

அப்படிக் கவனித்ததுதான், அந்தப் போன் எதையும் கேட்காது என்பது. கேபிள் வழியாக எது வந்தாலும், இது கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர்தானா, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று பார்க்காது. அப்படியே விழுங்கிவிடும். ஒருமுறை வேறு மாடலின் ஃபைல் தவறி வந்தபோது அதையும் விழுங்கிவிட்டுச் செத்துப்போயிற்று. சூப்பர்வைசரிடம் சொன்னேன். சரிபார்ப்பதை உள்ளே வைத்தால் ஒவ்வொரு போனுக்கும் நேரம் கூடும், லைன் ஓட வேண்டாமா என்றார். இந்த விலைப் போனில் திருட என்ன இருக்கிறது என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் லைன் ஓடியது.

நான் தங்கியிருந்தது பிள்ளைப்பாக்கத்தில், எங்கள் ஷெட்டிலேயே பேக்கிங்கில் வேலை பார்த்த ஓர் அக்காவின் வீட்டில். வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். புருஷன் லாரியோடு போனால் எப்போது திரும்புவார் என்று மாதாவுக்குத்தான் தெரியும் என்பாள். இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். காய்ச்சலில் நான் சுருண்டு கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கும் சேர்த்துத் திட்டியவள்.

கான்ட்ராக்டில் இருந்த பெண்களைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியபோது, யூனியன் வைக்கலாம் என்று முதலில் பேசியது அவள்தான். மிகவும் ஜாக்கிரதையாகத்தான் செய்தாள். கம்பெனி பஸ்ஸில் மூச்சு விடமாட்டாள், டிரைவர் போட்டுக்கொடுத்துவிடுவான் என்று. கேன்டீனில் பக்கத்தில்கூட உட்காரமாட்டாள். நம்பிக்கையான சிலருக்கு மட்டும் மெசேஜ் அனுப்புவாள். அவள் வைத்திருந்தது ஸ்டாஃப் சேலில் வாங்கிய எங்கள் ஷெட் போன்தான். எங்களில் பாதிப் பேர் கையில் அதுதான் இருந்தது. நாங்கள் செய்தது என்று ஒரு பெருமை.

அந்தப் போனை நாங்கள் உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஷிப்ட் முடியும்வரை அது அவர்கள் அலமாரியில் கிடக்கும். வேலைக்கு வரும் எல்லோரும் தினமும் செய்கிற காரியம். அதை யார் யோசிப்பார்கள்? நானும் யோசிக்கவில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில். எனக்கு அன்று ஓவர்டைம் இருந்ததால் போகவில்லை. எதிர் டீக்கடையில் எச்.ஆர். ஆபீசர் உட்கார்ந்து, யார் யார் உள்ளே போகிறார்கள் என்று சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் கேட்டில் அக்காவையும் கூட இருந்தவர்களையும் உள்ளே விடவில்லை. பயந்துபோய் கூட்டத்துக்கே வராமல் வீட்டில் இருந்த ஒரு பெண்ணையும் நிறுத்தினார்கள். அவளுக்கும் மெசேஜ் போயிருந்தது.

எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்கு மெசேஜ்? என்னிடம் வாயால்தான் சொல்வாள். என்னை மட்டும் கேட்டில் யாரும் தடுக்கவில்லை.

வேலை போன வாரத்தில், போனில் காசு போட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று அக்கா புலம்பினாள். கூப்பிடாமலே பேலன்ஸ் கரைகிறதாம். வாங்கிப் பார்த்தேன். சாஃப்ட்வேர் எந்தப் பதிப்பு என்று காட்டுகிற எண்களை அழுத்தினேன். லைனில் நாள் முழுக்கப் பார்க்கிற எழுத்துகள் எனக்கு மனப்பாடம். திரையில் வந்தது எங்கள் லைனில் ஒருபோதும் ஏற்றாத ஒன்று. அனுப்புகிற ஒவ்வொரு மெசேஜின் நகலும் காசு செலவழித்து வேறெங்கோ போயிருக்கிறது என்று தோன்றியது. இந்தப் போனை யாரிடமும் கொடுக்காதே, விசாரித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். உறுதியாகத் தெரியாமல் காரணத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டெஸ்டிங்கில் இருந்த இன்ஜினீயரிடம், யாரோ ஒருத்தியின் போன் என்று சொல்லிக் கேட்டேன். அலமாரியில் கிடக்கும்போது எடுத்துக் கேபிளைச் செருகினால், டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடலாம் என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, இதை இன்னொரு தடவை என்னிடம் கேட்காதே என்றார். யார் செய்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. லேபர் ஆபீசில் அந்தப் போனைக் காட்டினால் யாராவது கம்பெனியைக் கேள்வி கேட்க வேண்டி வரும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போன் எங்கே என்றேன்.

"தண்டலத்துல கடையில குடுத்து சாஃப்ட்வேர் போட்டுட்டேன். இப்ப நல்லா கீது, காசே போவல."

பிடுங்கி எண்களை அழுத்தினேன். எங்கள் லைனின் பதிப்பு, சுத்தமாக. முன்பு வேறொன்று இருந்ததற்கான தடம் ஒன்றுமில்லை. கடைக்காரன் கொடுத்ததையும் அது அதேபோல் கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கேட், அலமாரி, கேபிள், நகல். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வழக்கம்போலத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"எல்லாரையும் நிறுத்துனாங்க, உன்ன மட்டும் வுட்டாங்க. நானும் இத்தினி நாளா உன்ன கேக்கல. இப்ப நீயா வந்து போன் மேல பழி போட்ற. போன் எப்பிடிடி காட்டிக் குடுக்கும்? நம்ம கையால செஞ்சதுடி அது."

கையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. என் இடத்தில் வேறொருத்தி நின்று இதையே சொல்லியிருந்தால், நானும் நம்பியிருக்கமாட்டேன்.

"மாசம் முடியற வரிக்கும் இரு. அப்பால வேற ரூம் பாத்துக்கோ."

மாசம் முடியும்வரை இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பெட்டியோடு கிளம்பிய அன்று, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.