மூன்று சபைச் சோறு

மூன்று சபைகள் சேர்ந்து ஒரே அண்டாவில் சோறு ஆக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தின்றவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்தில் என் பேத்தி போகும் சபையில் ஒரு சின்னஞ்சிறு தம்பதியை முன்னால் நிறுத்தி, அக்கம்பக்கத்துச் சபைக்காரர்கள் எல்லாரும் வந்து தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார்கள். வடக்கே ஏதோ மலை ஊருக்கு மிஷனரியாகப் போகிறார்களாம். ஒரு சபை வாடகை, இன்னொன்று வண்டிச் செலவு என்று ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்களாம். எல்லாம் இட்லி மாதிரி பதமாக நடந்தது. நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பேத்தி முழங்கையால் இடித்தாள். அவளுக்கு என்ன தெரியும், எனக்கு அந்த அண்டா ஞாபகம் வந்துவிட்டது என்று!

நாங்கள் அப்போது தாம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பக்கத்து வீட்டில் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர், சித்தி நர்ஸ். அவர்களுக்கு ஒரே பெண், என்னைவிட ஒரு வயது சின்னவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. நானும் அந்தத் தங்கச்சியும் நுழைந்து நுழைந்து அதில் ஓர் ஆள் போகிற வழி உண்டாகிவிட்டது. அப்பா அதை அடைப்பார். நாங்கள் திறப்போம். கடைசியில் அப்பாவே அதன் வழியாகப் போய் பேப்பர் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

அந்தச் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ஒரிசா பக்கம் ஒரு மலை ஊருக்குப் போக வேண்டும் என்று ஆசை. அங்கே காய்ச்சல் வந்தால் ஊசி போட ஆள் கிடையாது, வேதத்தைச் சொல்லவும் ஆள் கிடையாது. ஆனால் அனுப்புகிற மிஷன் சங்கத்துப் பெரியவர் கறாரான மனிதர். ஒரே ஒரு சின்னச் சபையை நம்பிப் போனவர்கள் ஆறே மாதத்தில் பட்டினியோடு திரும்பி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். குறைந்தது மூன்று சபைகளாவது சேர்ந்து தாங்கினால்தான் அனுப்புவேன், நானே நேரில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் சபை ஒன்று. கூடுவாஞ்சேரியில் ஒரு சபை இருந்தது, கை தட்டிப் பாடுகிறவர்கள். படப்பையில் ஒன்று, ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள். எங்கள் சபையில் பாட்டு மெதுவாகப் போகும். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு குழந்தை தூங்கி எழுந்துவிடும். கூடுவாஞ்சேரிக்காரர்கள் பாடினால் தூங்குகிற குழந்தை எழுந்து ஆடும். அவர்கள் நகை போட மாட்டார்கள். எங்கள் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, ஆராதனைக்கு வரும்போது கம்மல் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். இந்த மூன்று சபையும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள்தான் சேர்ந்து சித்தப்பாவை அனுப்ப வேண்டும்.

இங்கே பிடி அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டுவோம். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, எங்கள் வீடு மாதிரி பாதி வீடுகளில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும். அதை ஸ்டேஷன் பக்கத்து இட்லிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய் மாவாக ஆட்டிவிடுவார். மாவில் எந்த அரிசி என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் கலப்பு அரிசியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதே இல்லை.

சங்கத்துப் பெரியவர் வருகிற நாளுக்குக் கூடுவாஞ்சேரி பாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். மூன்று சபைப் பிடி அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டிப் பொங்கி, ஒரே பந்தியில் சாப்பிடலாம். ஒரே அப்பம், ஒரே சரீரம்! ஆண்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரிசி கலந்தால் வேகாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் வேத வசனத்துக்கு எதிராக எவள் முதலில் வாயைத் திறப்பாள்? ஒவ்வொருத்தியும் அடுத்தவள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் கல் கூட்டி அண்டா ஏற்றினார்கள். படப்பைக்காரர்கள் கொண்டு வந்தது அப்போதுதான் அறுத்த புது நெல்லின் பச்சரிசி. கூடுவாஞ்சேரியார் கொண்டு வந்தது பழைய குண்டு புழுங்கல். எங்களுடையது ரேஷன் அரிசி கலந்த சாக்கு, அதில் எல்லா ஜாதியும் உண்டு. கொஞ்ச நேரத்தில் பச்சரிசி கரைந்து களியாகிவிட்டது. புழுங்கல் அரிசி மட்டும் அதற்குள்ளே கல்லுக் கல்லாக நின்றது. அடியில் பிடித்து, புகை நாற்றம் வேறு.

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த பெரிய குரல் அக்கா ஒருத்தி கரண்டியில் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, சோறா பசையா? போஸ்டர் ஒட்டவா ஆக்குனீங்க?"

படப்பை அம்மா ஒருத்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க அரிசி வெந்து போயி எவ்ளோ நேரம் ஆச்சு! மொறைச்சிகினு நிக்கறது உங்க அரிசிதான். பாட்டு மட்டும் என்னா வேகம், அரிசி வேக மாட்டேங்குதே?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க, பெரியவர் வர்ற நேரம்" என்றார் எங்கள் ஐயரம்மா.

"நீங்க சொல்லுவீங்க ஐயரம்மா. போறது உங்க சபை ஆளு. பேரு உங்களுக்கு, பேஜாரு எங்களுக்கா?" என்றாள் பெரிய குரல் அக்கா.

அவ்வளவுதான். அரிசிச் சண்டை ஆள் சண்டையாகிவிட்டது. மிஷனரி யார் சபை ஆள், லீவில் வந்தால் முதலில் எந்தச் சபையில் சாட்சி சொல்வார், யார் பாட்டைப் பாடி வழியனுப்புவது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஆண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். படப்பைக்காரர்கள் மாட்டு வண்டியைப் பூட்டவே போய்விட்டார்கள். சித்தி அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தாள். முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பெரியவர் வந்து இதைப் பார்த்தால் ஒரிசாவும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

என் அம்மா அதிகம் பேசாத பெண்பிள்ளை. இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கி அப்படியே அண்டாவில் கவிழ்த்தாள். உப்புப் போட்டாள். துடுப்பை எடுத்து, யாருக்கோ கொடுக்க வேண்டிய அடியை எல்லாம் அந்தச் சோற்றுக்குக் கொடுத்தாள். பிறகு பெரிய குரல் அக்காவைப் பார்த்து, "சண்டைய அப்புறமா போடலாம். வந்து ஒரு கை கிண்டு" என்றாள். அந்த அக்கா திகைத்துப் போய் வந்து கிண்டினாள். கை வலித்ததும், வண்டியடியில் நின்ற படப்பை அம்மாவைப் பார்த்து, "யம்மோவ், உன் அரிசியும் இதுல கீது, நீயும் வா" என்று கூப்பிட்டாள். அந்தம்மா முறைத்துக்கொண்டே வந்து துடுப்பைப் பிடித்தாள்.

பெரியவர் வந்தார். பந்தியில் அவருக்கு இலை போடாமல் கிண்ணம் வைத்ததைப் பார்த்து முழித்தார். கஞ்சி வந்தது. கறிக்குழம்பும் வந்தது. குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார். இது என்ன பதார்த்தம் என்று அவர் விசாரித்ததும் பந்தி முழுக்கக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கூடுவாஞ்சேரி பாஸ்டர்தான் சிரிப்பை அடக்க முடியாமல், "ஒரே சரீரம் கொஞ்சம் ஜாஸ்தியா வெந்துடுச்சுங்க ஐயா" என்றார். முதலில் சித்தப்பா சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

அந்தச் சிரிப்போடுதான் காரியம் நடந்தது. படப்பை அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சொன்னாள்: "எங்ககிட்ட காசு பணம் கிடையாது ஐயா, நெல்லு கீது. அரிசி எங்க பொறுப்பு. யாரும் அதுல ஒரு மணி கலக்கக் கூடாது." மருந்தை நாங்கள் வாங்கி அனுப்புகிறோம் என்று கூடுவாஞ்சேரியார் எழுந்தார்கள். போக வர டிக்கெட்டும், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு அழைத்து வருவதும் எங்கள் சபை ரயில்வேக்காரர்கள் தலையில் விழுந்தது. அரிசி ஒன்றும் ஒரிசாவுக்கு ரயிலேறவில்லை. ஒரே ரகமாகச் சேர்ந்ததால் நல்ல விலைக்குப் போய், பணமாகப் போய்ச் சேர்ந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, குழந்தை?" என்றார்.

அந்த ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. காய்ச்சலும் பொல்லாதது. மூன்று சபையும் தரையைப் பார்த்தது. சித்தி தலை நிமிரவில்லை.

அண்டாவை வழித்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது எங்க வீட்ல இருக்கட்டும். ஒண்ணோட ஒண்ணா தின்னுட்டுக் கெடக்கும்" என்றாள்.

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் குதித்தேன். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு புங்க மரத்தைச் சுற்றி ஓடினேன். இனி வேலியே வேண்டாமே! ஆண்டவர் எனக்கென்று ஒரு தங்கச்சியைக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

இப்போதும் அதற்கு நன்றி சொல்கிறேன். அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். வளர்த்தது எங்கள் வீடு மட்டும் இல்லை. படப்பையிலிருந்து வேர்க்கடலை வரும். பெரிய குரல் அக்கா பண்டிகைக்குப் பண்டிகை கவுன் தைத்துக்கொண்டு வருவாள், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒரே துணியில். தங்கச்சி நன்றாகப் படித்தாள். எனக்கு எழுத்து ஏறவே இல்லை. அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக் கொடுத்ததோடு சரி.

சித்தப்பாவும் சித்தியும் புறப்பட்ட அன்று மூன்று சபையும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய், எதிரே சென்ட்ரலில் பெரிய வண்டி பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மெதுவாகப் பாடினார்கள், கூடுவாஞ்சேரியார் அதே பாட்டுக்கு வேகமாகக் கை தட்டினார்கள். எதுவும் ஒட்டவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

சித்தி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தங்கச்சியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தித் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு அதை அவிழ்த்தாள். மறுபடி சீவி, மறுபடி பின்னினாள். ரயில் வந்தது. "அடுத்த வண்டில போலாம்" என்றாள். சித்தப்பா தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார். பெரிய குரல் அக்கா சிவப்பு ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பின்னலையும் சித்தி அவிழ்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு சித்தி, ஏன் மறுபடி மறுபடி அவுக்குறீங்க?"

"ஒரு பக்கம் கோணலா போச்சுடி" என்றாள்.

நான் பின்னால் போய் நன்றாகப் பார்த்தேன். கோணல் எங்கேயும் இல்லை. வகிடு நூல் பிடித்த மாதிரி இருந்தது.

அவர்கள் ஒருவழியாக ரயிலேறிப் போனபின், அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் என் முறை வந்தபோது, மலை ஊரில் சித்தி ஊசி போட வேண்டுமே என்ற கவலையில், சித்திக்குக் கண் பார்வை சரியில்லை ஆண்டவரே, அதைச் சீக்கிரம் குணமாக்கும் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த தங்கச்சி சத்தமாக ஆமென் சொன்னாள். அம்மா மட்டும் சொல்லவில்லை. அம்மா ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.