ஒரு கை தூரத்தில் ரயில்

இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் வைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தையல் ஆறிவிட்டது. கையைத் தோளுக்கு மேலே தூக்கலாம் என்று சொல்லியாகிவிட்டது. ரயிலம்மா வேலைக்குத் திரும்ப இனி ஒரே தடைதான். அவள் வேலையே காந்தத்தோடு.

அறிவியல் கூடத்தின் மாடியில் ரயில் மேஜை இருக்கிறது. இரும்புத் தகட்டின்மேல் மூன்று வரிசையாக அறுநூற்றுச் சொச்சம் காந்தங்கள், அதுதான் தண்டவாளம். ரயில் என்பது உள்ளங்கை நீளத்தில் ஒரு தெர்மாகோல் வண்டி, அதன் வயிற்றில் ஒரு கறுப்பு வில்லை. வில்லைமேல் கடுங்குளிரான திரவ நைட்ரஜனை ஊற்றினால் அது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீக்கடத்தியாக மாறும். குளிரும்போது தண்டவாளத்துக்கு மேலே எந்த உயரத்தில் இருந்ததோ, அந்த உயரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். விரலால் லேசாகத் தள்ளினால் ஓடும். அந்த உயரத்துக்காக, குளிரும்வரை வண்டிக்கு அடியில் கொடுத்து எடுக்கும் மரத்துண்டு, அவள் ஓர் உடைந்த அடிக்கோலிலிருந்து அறுத்துக்கொண்டது.

முதலில் அந்த மாடியைத் துடைக்கத்தான் வந்தாள். ரயில் காட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். கூட்டம் காத்திருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தினமும் பார்த்ததை அவளே செய்து காட்டினாள். அதோடு இருபத்தொரு வருடம், பெயரும் ரயிலம்மா ஆகிவிட்டது. மூன்று நான்கு நிமிடத்தில் வில்லை சூடாகி வண்டி விழுந்துவிடும். விழுந்தால் வில்லையின் விளிம்பு உடையும். வண்டியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் புகை மெலியும் நேரம் பார்த்துக் குனிந்து எடுத்துவிடுவாள். ஒருமுறைகூட விழவிட்டதில்லை.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "காந்தம் கிட்ட வந்தா பேஸ்மேக்கர் தன் போக்குல வேகமா அடிக்க ஆரம்பிச்சிடும். காந்தத்துக்கும் உங்க நெஞ்சுக்கும் நடுவுல எப்பவும் ஒரு கை நீளம் இருக்கணும்."

"யாரு கை சார்? என்னுது குட்டைக் கை."

"என் கைன்னு வெச்சுக்கோங்க அண்ணி," என்றாள் கூட வந்திருந்த நாத்தனார். ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அண்ணன் போன பிறகு அண்ணியும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் கை கொடிக்கயிறு மாதிரி நீளம்.

ஏழாம் வாரம் கூடத்து மேலாளர் போன் செய்தார். வளைவின் ஓர வரிசையில் ஒரு காந்தம் பெயர்ந்துவிட்டதாம், அவரே ஒட்டி வைத்தாராம். அதிலிருந்து வண்டி அந்த வளைவுக்கு வந்தாலே நடுங்கி நின்றுவிடுகிறதாம். வில்லை பழசாகிவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். நாளைக்கு மேஜையைக் கிடங்குக்குக் கொண்டுபோகிறார்கள்.

"உங்களுக்கு டிக்கெட் கவுன்ட்டர்ல இடம் போட்டிருக்கேன்மா. உக்காந்த வேலை. நிம்மதியா இருங்க."

"வில்லைக்கு ஒண்ணும் ஆகலை சார். காலையில வர்றேன்," என்று போனை வைத்தாள்.

"நானும் வர்றேன்," என்றாள் நாத்தனார்.

"நீ எதுக்கு?"

"உங்களைத் தெரியாதா எனக்கு?"

காலையில் கூடம் திறக்குமுன் மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நாத்தனார் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தாள். "அறுபது. இப்படியே இருக்கணும்."

மேலாளர் வண்டியை ஓட்டிக் காட்டினார். வளைவில் அது மூக்கைத் தூக்கி, பின்வாங்கி, நின்றது. ரயிலம்மா அதைப் பார்த்த வேகத்தில், எப்போதும்போல் மேஜைமேல் குனிந்துவிட்டாள். நெஞ்சுக்குள் யாரோ கியரை மாற்றிய மாதிரி இருந்தது. இதயம் ஓடியது, ஆனால் அது அவளுடைய ஓட்டம் இல்லை.

"தொண்ணூறு!" நாத்தனார் ஒரே இழுப்பாக இழுத்து அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். "விளையாட்டா இது? அண்ணனை அனுப்பினது போதாதா எனக்கு?"

இதயம் பழையபடி அறுபதுக்கு இறங்கியது. ரயிலம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். டாக்டர் சொன்னபோது அது வெறும் பேச்சு. இப்போது உடம்பே சொல்லிவிட்டது. இந்த மேஜைமேல் இனி அவளால் குனிய முடியாது.

"விடுங்கம்மா. வண்டி போனா போகுது," என்றார் மேலாளர் தாழ்ந்த குரலில்.

"சார், அந்தக் காந்தத்தை வைக்கும்போது முரண்டு பிடிச்சுதா?"

"இல்லையே. வழுக்கிட்டுப் போய் ஜம்முனு உக்காந்துச்சு."

"அப்படிச் சுகமா உக்காந்தா தப்பு சார். பக்கத்துல இருக்கிறது தள்ளணும். தள்ளத் தள்ள அமுக்கித்தான் ஒட்டணும். தலைகீழா வெச்சிருக்கீங்க. எது அது?"

மேலாளர் வளைவைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. "இங்கதான் எங்கயோ..."

ஒட்டடைக் கம்பைக் கொண்டுவரச் சொன்னாள். அதன் நுனியில் நூல் கட்டி, நூலில் பொட்டு அளவு காந்தம் ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டித் தரச் சொன்னாள். அதன் ஒரு முகத்தில் மட்டும் சிவப்புச் சாயம். சுவரோரமே நின்று, கம்பை நீட்டி, ஓர வரிசைமேல் இரண்டு விரல் உயரத்தில் மெதுவாகக் கொண்டுபோனாள். நாத்தனாரின் விரல் மணிக்கட்டை விடவில்லை.

"அறுபது... அறுபது..."

சிவப்பு முகம் மேலே பார்த்தபடியே போயிற்று. வளைவின் நடுவில் சட்டென்று கவிழ்ந்து சாயமில்லாத முகத்தைக் காட்டியது.

"அதுதான் சார். நெம்பி எடுத்துத் திருப்பி வைங்க."

இந்த முறை காந்தம் மேலாளரை நன்றாகப் படுத்தியது. இரண்டு தடவை கையை விட்டுத் துள்ளியது. விரலை நசுக்கிக்கொண்டார்.

"இப்ப சரி," என்றாள் ரயிலம்மா.

மேலாளர் மரத்துண்டை அடியில் கொடுத்து, நைட்ரஜனை ஊற்றி, துண்டை உருவி எடுத்து வண்டியைத் தள்ளிவிட்டார். வளைவில் அது முனகக்கூட இல்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. மேலாளர் விரலைச் சப்பிக்கொண்டே போனை எடுத்தார். "மேஜையை எடுக்க யாரும் வரவேணாம்னு சொல்லிடுறேன்மா," என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

வண்டியைச் சுற்றிப் புகை மெலிந்தது. ரயிலம்மாவின் வலது கை தானாக நீண்டது, கால் ஓர் அடி முன்னால் போயிற்று. மணிக்கட்டில் நாத்தனாரின் பிடி இறுகியது.

அவள் நின்றாள். "சார்!" என்று கூப்பிட்டாள். அவர் திரும்புவதற்குள் வண்டி தண்டவாளத்தில் விழுந்தது. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். இருபத்தொரு வருடத்தில் அந்தச் சத்தத்தை அவள் இன்றுதான் கேட்டாள்.

நாத்தனார் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் வண்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "ஓரத்துல நெல்லு முனை அளவு போயிருக்கு. ஓடும்."

"ஓடும்," என்றாள் அவளும். "தச்சரை வரச் சொல்லுங்க சார். வண்டியை எடுக்க மரத்துல ஒரு கிடுக்கி வேணும், நல்ல நீளமா," என்றாள்.

"எவ்வளவு நீளம்மா?"

ரயிலம்மா நாத்தனாரின் கையைப் பிடித்து மேஜையை நோக்கி நீட்டிக் காட்டினாள். "இதுக்கு மேல ஒரு சாண்."