கூடையில் கிடந்த ரோஸ் கலர் சீட்டு

போன மாதம் ஒரு வாரம் முழுக்க நான் முழங்காலில் நின்று, என் மனைவி ஸ்டெல்லா எனக்காகவே செய்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் யாருக்காக ஜெபிக்கிறாளோ அந்த ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்.

முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. "எழுதுங்க... ஆனா என்னையப் பெரிய புனிதவதி ஆக்கிடாதீங்க" என்றாள்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. வாரம் ஒரு நாள் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் புத்தி சொல்வேன். மற்ற நாளெல்லாம் மம்பா டவுனிலிருந்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குப் போய் ஆபீஸில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. வயது ஐம்பத்தொன்று, கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். இந்த வயதிலா மனம் தடுமாறும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆபீஸுக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தார். பெயர் வேண்டாம். அவர் மேல் எள்ளளவும் தப்பில்லை. நான் சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த ஜோக்குகளுக்கு எப்போதோ ஓய்வு கொடுத்தாகிவிட்டது. அப்புறம் எனக்குப் புதுச் சட்டை, சென்ட்... கண்ணை மூடினால் அவர் முகம். மனம் மட்டுமல்ல, உடம்பும் சேர்ந்துகொண்டு படுத்தியது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் போர்ட்டிக்சனில் ஒரு சனிக்கிழமை ட்ரெய்னிங். போக வரத் தோட்டத்து வேன் இருந்தது. நான்தான் முந்திக்கொண்டு, என் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்றேன். திரும்பும்போது கடற்கரை, சாப்பாடு — அதெல்லாம் எனக்குள் நானே போட்ட திட்டம். ஸ்டெல்லாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்தேன். அவளிடம் அப்படி ஒரு பொய்யை அதுவரை நான் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணை நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன். நடக்கிற காரியமா? நினைக்கக் கூடாது என்பதற்காகவே பத்துத் தடவை நினைக்க வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்துச் சபையில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும். டவுனுக்குக் குடிபோன குடும்பங்களும் தவறாமல் வந்துவிடும். நடுவில் ஒரு கூடை. ஜெப விண்ணப்பத்தைப் பெயர் போடாமல் எழுதி, மடித்து அதில் போட வேண்டும். கூட்டம் முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு சீட்டு எடுத்துப்போய், யாரென்றே தெரியாத அந்த ஆளுக்காக வாரம் முழுக்க ஜெபிப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் லோபாக்கில் ஒரு வீட்டில். எங்கள் உபதேசியார் சொன்னார்: "ஆசைகூட மல்லுக்கு நிக்காதீங்க. நின்னா அதையேதான் பாத்துக்கிட்டு இருப்பீங்க. ஆண்டவர் பக்கம் திரும்பி உக்காந்திருங்க. மனச அவருகிட்டக் குடுத்துட்டா, வேற ஆளுக்குக் குடுக்கக் கையில ஒண்ணும் இருக்காதுலா."

என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது. சட்டைப் பையில் கிடந்த ஒரு தாளை எடுத்து, கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன்: 'ஒரு சகோதரன் மனைவியை விட்டு வேறொரு பெண்மேல் ஆசை வைத்துவிட்டான். அடுத்த வாரம் சனிக்கிழமை அவன் விழுந்துவிடாமலிருக்க ஜெபியுங்கள்.' பன்னிரண்டு குடும்பம். யாருக்கோ போகும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா கூடையில் கைவிட்டு எடுத்து வந்தது அதே சீட்டு!

வீட்டுக்கு வந்ததும் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு வீட்டில் ஜெபம். "ஆண்டவரே, அந்தச் சகோதரனக் காப்பாத்துங்க. நல்ல மனுசனாத்தான் இருப்பாரு. அவரு பொஞ்சாதி என்ன கொற வச்சாளோ தெரியல, அவளுக்கும் இரங்குங்க" என்பாள். நான் கண்ணைத் திறக்காமலே ஆமென் சொல்வேன்.

முதல் சில நாள் மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்தான். புதன்கிழமை, அவள் ஆரம்பிப்பதற்கு முன் நானே வாய்விட்டு ஜெபித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'ஆண்டவரே, நீர் எனக்குப் போதும்' என்றேன். சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிற வார்த்தைதான், அன்றைக்குத்தான் மனதிலிருந்து வந்தது. எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஆசை அன்றோடு ஓடிவிட்டதா என்றால், இல்லை. வியாழக்கிழமை மறுபடி எட்டிப் பார்த்தது. மறுபடி முழங்காலில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண்ணிடம், "நாளைக்கு நீங்க வேன்லயே போயிருங்கம்மா, என்னால வர முடியாது" என்றேன்.

"ஓகேலா, அண்ணே" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அண்ணே... வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். என் காதில் ஏன் விழவில்லை?

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ரோஸ் கலர் குலைச் சீட்டுல ஜெபம் எழுதுறவரு நம்ம சபையில வேற யாரு?"

அப்போதுதான் உறைத்தது. நான் எழுதியது, செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும்போது ஆபீஸில் கிழித்துக் கொடுக்கும் ரோஸ் நிறச் சீட்டின் பின்பக்கத்தில். எங்கள் சபையில் இன்னும் தோட்டத்து ஆபீஸில் வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான். இதில் இடது கை வேறு!

"கூடைக்குள்ள அந்தக் கலர் தெரிஞ்சுச்சு. உங்களுக்கு ஏதோ வியாதி, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். வேற யாரும் எடுக்கறதுக்குள்ள நான் எடுத்தேன். தொறந்து பாத்தா... வியாதியே பரவால்லன்னு இருந்துச்சுங்க."

இரண்டு நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளாம்.

"ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா எங்கிட்ட பொய் சொல்லியிருப்பீங்க. ஆண்டவருகிட்ட சொல்ல மாட்டீங்க. அதான் அவருகிட்டயே விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜெபம் கேட்கப்பட்டால் சீட்டைக் கூடையில் திருப்பிப் போட்டு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். அன்று கூட்டத்துக்குக் கிளம்பும்போது, அந்தச் சீட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்லா" என்றாள்.

மூன்று வாரமாகிறது. சீட்டு இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது.