விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

தெருவே அவரை லிப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டது. லிப்ட் போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெரிய கடைக் கட்டடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கியே காலத்தை ஓட்டியவர். புது லிப்ட் வந்ததும் பொத்தானை ஜனங்களே அமுக்கிக்கொண்டார்கள். ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மரத்துப்போன மனசு. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"இப்படியே மோட்டுவளையப் பாத்துக்கிட்டு கெடந்தா ஆச்சா? போய் ஏதாவது படி" என்று சமுதாயக் கல்லூரியில் சேர்த்துவிட்டாள் அக்கா. கட்டட மேலாண்மையும் ஆய்வும். மோட்டுவளையைப் பார்ப்பதே பாடமாகிப்போனது. அக்காவின் வாய்முகூர்த்தம் அப்படி. மகன் வயசுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் எழுதினார். பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்" எதற்கும் பொருந்தும்.

விரிசல் பாடம் வந்தது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட் வைத்து ஒட்டிவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். "அப்படி ஒரு வீடு கண்ணுல பட்டா கட்டட ஆபீசுக்குச் சொல்லியே ஆகணும். ஆளுங்கள வெளியேத்திடுவாங்க" என்றார் டீச்சர். செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு வீடு.

அவருக்கு வேறு யார் வீடு கிடைக்கும்? அக்கா துணி தைத்துத் தைத்து வாங்கிய வீடு. அவள் தையல் மெஷினும் கட்டிலும் கிடந்த பின்னறைச் சுவரில் ஓடிய விரிசல் மேல் கண்ணாடியை ஒட்டினார். உடைந்தால் இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை. அது தெரிந்தும் அவருக்குப் பயம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, தேர்வுக்கு முந்தின நாள், கிட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. பழக்கத்தில் சிமென்ட்டை நகத்தால் கீறினார். மாவாக உதிர்ந்தது. ஒரு மாசம் காய்ந்த சிமென்ட் நகத்துக்கா மசியும்?

"அக்கா, இது எப்போ ஒட்டினது?"

மெஷின் நின்றது. "முந்தாநேத்து."

"எத்தன தடவ ஒடஞ்சுது?"

"மூணு. உன் பையிலதான் துண்டு கெடந்துச்சே." அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "நீ ஒட்டினதப் பாத்து நானும் ஒட்டினேன். இது என்ன பெரிய வித்தையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். திட்ட வேண்டும் என்று தோன்றியது. திட்டு வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்தார். கட்டில் கால்கள் தரையில் கீச்சிட்டன.

"அப்ப ஒடஞ்சதுன்னே எழுதப் போற?"

"ம்."

அவள் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கட்டிலின் மறுமுனையைத் தூக்கிக்கொடுத்தாள். கட்டிலை வாசல் பக்கமாகப் போட்டதும் உள்ளே போய், பொத்தான் போட்டுவைக்கும் டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். உடைந்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன.

"இதையும் எடுத்துட்டுப் போ. சும்மா வாயால சொன்னா டீச்சர் நம்ப மாட்டாங்க. நீ பாஸாகணும்ல."

அப்போதுதான் லிப்ட்காரர் அழுதார்.