மல்லியின் முன்னங்குளம்பு

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது அப்பா பள்ளி வாசலில் நின்றிருந்தார். "மேகலா போயிட்டா கண்ணு" என்றார். மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியும். இருபத்தாறு வயதில் ஒருவர் போய்விடலாம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

எங்கள் ஊர் எலப்புள்ளியில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு மேகலா அக்காவைத் தெரியும். தோப்பு மண்ணில் நடக்கும் எங்கள் குதிரை மல்லிக்கு லாடம் அடிப்பதில்லை. வளரும் குளம்பைச் சீவி, அரத்தால் ராவிச் சரிசெய்ய மாதாமாதம் அக்கா வருவார். குளம்பைப் பற்றி நான் ஐந்து புத்தகம் படித்திருக்கிறேன். ஆனால் நான் தொட்டால் உதறும் மல்லி, அக்கா "தூக்கு சாமி" என்றதும் காலைக் கொடுத்துவிடும். அப்பா பெருமையாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

கத்தி எடுக்கும் முன் அக்கா மல்லியை வாசலில் இருமுறை நடத்திப் பார்ப்பார். ஒருநாள் கையில் ஸ்கேலோடு நின்று, "அளக்காம எப்படிங்கக்கா வெட்டறீங்க?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"அது நடந்தே அளந்து வெச்சிருக்குது. உன்ற ஸ்கேலப் பெட்டிக்குள்ள வெய்யி."

அப்பா அதற்கும் சிரித்தார்.

மறுநாள் யாருமில்லாதபோது மல்லிக்கு வெல்லம் கொடுத்து, அக்கா எங்கள் கொட்டகையில் வைத்திருந்த அரத்தை எடுத்தேன். முன்னங்குளம்பின் இரண்டு ஓரங்களையும் ஸ்கேலால் அளந்து சமமாக்கினேன். அந்தக் கால் பிறவியிலேயே சற்றுத் திரும்பியது. வெளி ஓரம் கொஞ்சம் உயர்ந்திருந்தால்தான் மல்லியால் ஊன்ற முடியும். நான் சமமாக்கியதும் மல்லி நொண்டியது.

அப்பா அக்காவை வரச்சொன்னார். அக்கா குனிந்து, கோடு போட்டதுபோல் இருந்த ஓரத்தை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நான்தானுங்க மாமா, ஒரு பக்கத்தக் கூடுதலா எடுத்துப்போட்டேன்" என்றார்.

எனக்கு நன்றி தோன்றவில்லை. இதிலும் அவரே என்னைவிட நல்லவராகிவிட்டார் என்று எரிச்சல்தான் வந்தது. அதன்பின் இரண்டு வீடுகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் வந்த அக்கா என் காதருகே, "ஏம்புள்ள, ஸ்கேலு பெட்டிக்குள்ளதான இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

துக்க வீட்டில் ஒருவர், "நல்ல கைங்க. மல்லி கால்ல மட்டும் ஒருக்கா தப்பிருச்சு" என்றார். அப்பா தலையாட்டினார்.

அவரை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன், அப்பா, உங்களுக்கும்தான். அக்காவின் கை ஒருமுறையும் தப்பவில்லை. தப்பியது என் கை.

அவருடைய அரம் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று மல்லியை வாசலில் இருமுறை நடத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தூக்கு சாமி" என்றேன்; உதறிக்கொண்டது. அரத்தோடு அந்தப் பொறாமையும் என்னிடம் அப்படியே இருக்கிறது.