பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் நம்பர்

குழந்தை டாக்டரிடம் வேலை பார்ப்பதில் ஒரு விசேஷம், நோயாளி ஒரு வார்த்தை பேச மாட்டார், அவருக்காகப் பேச வந்த ஐந்து பேரும் வாயை மூட மாட்டார்கள். எங்கள் டாக்டரம்மாவுக்குக் காலையில் ராஜபாளையத்தில் கிளினிக், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளினிக். இரண்டு ஊரிலும் டோக்கன் கொடுப்பதும், பிள்ளைகளைத் தராசில் படுக்க வைத்து எடை பார்ப்பதும், தடுப்பூசி தேதியை ஞாபகப்படுத்துவதும் நான்தான். இதெல்லாம் போதாதென்று கிளினிக்கின் வாட்சப் குரூப்புக்கு அட்மினாகவும் இருக்கிறேன். பள்ளிக்கூட குரூப், தெரு குரூப், சொந்தக்காரர் குரூப் என்று எதற்காவது அட்மினாக இருந்து அவதிப்படுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

இந்த வம்பு எப்படி வந்தது

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம். பிறந்ததிலிருந்து எங்களிடமே காட்டிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை வயிற்றுப்போக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டார்கள். கண் இரண்டும் குழி விழுந்து, தலை நிற்காமல் துவண்டு கிடந்தது. உடனே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்தச் செய்தி வருகிற வரைக்கும் டாக்டரம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

ரொம்பவும் பயந்துபோயிருந்தார். எங்களை அதட்டி வேலை வாங்குகிறவர் அன்றைக்கு மதுரைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் ஒரு புதுப் போனை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓஆர்எஸ் கரைசலை ஒழுங்காக் கலக்கிக் குடுத்து, நேரத்தோட கொண்டு வந்திருந்தா அந்தப் பிள்ளைய மதுரைக்கு அனுப்பியிருக்க வேண்டாம். நம்மகிட்ட காட்டுற ஒரு பிள்ளைகூட இனிமே அப்படி வரக் கூடாது. எல்லாருக்கும் சொல்லு, தெனமும் சொல்லு."

சோறு ஊட்டும் குரல்

டோக்கன் நோட்டில் இருந்த நம்பரையெல்லாம் சேர்த்து அந்தப் போனில் ஒரு குரூப் தொடங்கி, முதலில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை அப்படியே டைப் அடித்து அனுப்பினேன். 'நீர்ச்சத்துக் குறைபாட்டின் அறிகுறிகள்' என்று தலைப்பு, கீழே ஒன்பது பாயிண்ட். வரிசையாகக் கும்பிடு வந்தது. இரண்டு பேர் ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம் அனுப்பினார்கள். ஒருவர் படித்துப் பார்க்காமலே ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொண்டார்.

இது சரிப்படாது என்று நானே நம்ம ஊர்ப் பேச்சில் பேசி அனுப்ப ஆரம்பித்தேன். "வயித்தால போனா பதறாதிய. பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டரு கொதிச்சு ஆறுன தண்ணில கலக்குங்க. குத்துமதிப்பால்லாம் போடக் கூடாது" என்று தினமும் ஒரு நிமிஷம். எனக்கே என் குரல் பிடித்துப்போனது. ஒருநாள் செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒருவரின் மகன், என்னைக் கண்டதும் அப்பாவின் வேட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டான். மெசேஜ் எல்லாம் கேட்கிறீர்களா என்று பெருமையாகக் கேட்டேன். அந்த அப்பா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "கேக்காம இருப்பனாக்கா? வேலை முடிஞ்சு வந்ததும் அதத்தான் போட்டு விடுவேன். ஊசி போடுற அத்தை வந்துட்டாகன்னு பயந்து ஒரு தட்டுச் சோத்தையும் தின்னுருதான்."

வேறு ஆங்கிள்

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். அதைச் சொன்ன நாளிலிருந்து நான் மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. கான்சாபுரத்திலிருந்து ஒருவர், விவசாயி, தலைப்பிள்ளைக்காரர். பிள்ளை காலைக்கடன் முடித்ததும் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். வயல் வேலையெல்லாம் முடித்து ஓய்ந்து உட்காரும்போதுதான் அவருக்கு அனுப்ப நேரம் கிடைக்கும். அது சரியாக நான் ரசத்தை ஊற்றிப் பிசைகிற நேரமாக இருக்கும்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது, இனிமேல் படம் வேண்டாம், சந்தேகம் இருந்தால் நேரில் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று போன் போட்டுப் பக்குவமாகச் சொன்னேன். அவர் கவலையோடு கேட்டார்: "டாக்டரம்மாவுக்குப் படம் தெளிவா விழலியோ? நாளைக்கு வேணா வெயில்ல வச்சு வேற ஆங்கிள்ல எடுக்கவா?"

பால் கணக்கு

பல் சொத்தையோடு ஒரே வாரத்தில் நிறையப் பிள்ளைகள் வந்ததால், பிள்ளைகளுக்கு இனிப்பைக் குறையுங்கள் என்று ஒரு மெசேஜ் போட்டேன். வாய் சும்மா இருக்காமல் மிட்டாய், பிஸ்கட், பால்கோவா என்று பட்டியலும் சொன்னேன். அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்கில், மகளுக்குச் சளி என்று வந்த ஒருவர் டோக்கன் வாங்காமல் என் மேஜை முன்னாலேயே நின்றார். பால்கோவாக் கடை வைத்திருப்பவர். கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன், அவர் மனம் நொந்து போயிருந்தார். "மிட்டாயச் சொல்லுங்க, பிஸ்கட்டச் சொல்லுங்க, நான் கேக்கல. பால்கோவாவ எதுக்கும்மா இழுத்திய? அது பாலு கணக்குல வராதா?"

எந்தக் குரூப்பு

அன்றைக்கு ராஜபாளையத்தில் நல்ல கூட்டம். தளவாய்புரத்திலிருந்து மகா என்கிற சின்னப் பெண், பத்து மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள், புருஷனுக்கு நூல் மில்லில் வேலை. பிள்ளை பெயர் மித்ரன். வழக்கமாக என் கண்ணாடியைப் பிடுங்குகிறவன் அன்று கையைக்கூட அசைக்கவில்லை. கண் குழி விழுந்திருந்தது. யாரும் சொல்லாமலே வரிசை விலகி அவளுக்கு வழி விட்டது.

குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. டாக்டரம்மா இரண்டு கையிலும் பார்த்து, கடைசியில் காலில் பிடித்தார். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்கிற நேரத்தில் மித்ரன் டாக்டரம்மாவின் புடவையிலேயே ஒன்றுக்குப் போனான். உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அறை முழுக்கச் சந்தோஷம். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது. வீட்டில் என்ன கொடுத்தாய் என்று மகாவிடம் கேட்டால், முழுசாகப் போட்டால் உப்புக் கரிக்கும் என்று பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஒரு டம்ளரில் கலந்து, அதையே நாள் முழுக்க வைத்துக் கொடுத்திருக்கிறாள். குரூப்பில் எத்தனை தடவை தொண்டை வறளச் சொன்னேன் என்று சத்தம் போட்டேன். அவள் அழுது வீங்கிய முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் குரூப்புக்கா? எனக்கு ஒண்ணும் வரலியே. டோக்கன் போடயில எங்க வீட்டுக்காரவுக நம்பரத்தான குடுத்தோம்? அவியகிட்ட மில்லு கேட்டுலயே போன வாங்கி வச்சிருதாவளே."

குளிப்பாட்டுவது யார்

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கும்பிடு போட்டவர், படம் அனுப்பியவர், பால்கோவாவுக்காக மனம் நொந்தவர், எல்லோரும் ஆண்கள். நம்பர் என்று கேட்டால் வீட்டுக்காரர் நம்பரைச் சொல்வதுதான் நம்ம பக்கத்து வழக்கம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைசல் கலக்குகிறவள் காதுக்கு என் மெசேஜ் போகவே இல்லை. இத்தனை நாளும் நான் மில் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியின் டப்பாவுக்குள் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து டோக்கன் போடும்போது புதுக் கேள்வி: "பிள்ளையைக் குளிப்பாட்டுறது யாரு? அவங்க நம்பர் குடுங்க." சில புருஷன்மார் முறைத்தார்கள். ஒருவர் தன் மனைவி நம்பர் தனக்கே மனப்பாடம் இல்லை, உங்களுக்கு எதற்கு என்று சண்டைக்கு வந்தார். நானும் விடவில்லை. நியாயம் என் பக்கம் என்று தெரிந்துவிட்டால் எனக்குக் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும். அந்த வேகத்தில், பிள்ளையோடு தனியாக வந்து நம்பர் சொன்ன ஒரு அப்பாவிடம், இது வேண்டாம், குளிப்பாட்டுகிறவர் நம்பர் எங்கே என்று அதட்டினேன். அவர் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நாந்தான் குளிப்பாட்டுதேன். அவ காலையில ஆறு மணிக்கே மில்லு பஸ்ஸு ஏறிருவா. அதே நம்பரப் போட்டுக்கிடுங்க."

நூல் கடை ஸ்பீக்கர்

போனே இல்லாத பெண்களை என்ன செய்வது? தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர்களுக்கு நூல், லேஸ், பட்டன் விற்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அவர் மகள் வயிற்றுப் பேரனை எங்களிடம்தான் காட்டுகிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் கடை ஏறாமல் இருக்க முடியாது. கடையில் ஸ்பீக்கர் உண்டு. என் மெசேஜைக் கொஞ்சம் போட்டு விடுங்கள் என்று கேட்டதும் சரியென்றுவிட்டார். லேஸுக்கும் பட்டனுக்கும் நடுவில் நான் வயிற்றுப்போக்கைப் பற்றி முழங்கினேன்.

பத்து நாள் கழித்து எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். பாய் வியாபாரி, கணக்கு அவருக்கு விரல் நுனியில். "கேக்காக தங்கச்சி, எல்லாரும் நின்னுதான் கேக்காக. ஆனா கேட்டு முடிச்சதும் லேஸ மறந்துட்டு அந்தப் பாக்கெட்டு எம்புட்டுன்னு கேக்காக. நானும் ஒரு பொட்டி வாங்கி வச்சுக்கிடவா?"

ஆர்டர் நைட்டி

இந்த வருஷமும் மழை ஓய்ந்தது. எந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யார் வந்தாலும், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், உட்கார இடமில்லாத கூட்டம். கிளினிக் போனுக்கு மகாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது, இப்போது அவள் சொந்த நம்பரிலிருந்து. "அக்கா, மித்ரனுக்கு விடியக்காலயிலருந்து மறுபடியும் வயித்தால போகுது. பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டருல கலக்கி ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருக்கேன். தாய்ப்பாலும் குடிக்கான். அவிய ஷிப்டுக்குப் போயிட்டாவ, நான் மட்டுந்தான் இருக்கேன். பயமா இருக்குக்கா." பின்னால் பிள்ளை வீடே இடிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான்.

டோக்கன் கட்டை மேஜையிலேயே போட்டேன். நேராக உள்ளே போய்ப் போனை டாக்டரம்மா கையில் கொடுத்தேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் பேச்சை விட்டுவிட்டு, பின்னால் கேட்கிற அழுகையையே இரண்டு தடவை போட்டுக் கேட்டார். "அழும்போது கண்ணீர் வருதான்னு கேளு. வந்தா உடம்புல தண்ணி இருக்குன்னு அர்த்தம், அதே மாதிரி குடுத்துக்கிட்டே கிளம்பி வரட்டும். வரலேன்னா இப்பவே ஆம்புலன்ஸச் சொல்லு" என்றார். கேட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. வெளியே யாரோ அடுத்த டோக்கன் எது என்று கேட்டார்கள், நான் காதில் வாங்கவில்லை. டாக்டரம்மா போனைப் பார்த்தபடியே நின்றார், முகம் வெளுத்திருந்தது. பிறகு டிங் என்று வந்தது. எடுத்ததும் முதலில் கேட்டது அதே அலறல்தான், அதற்கு மேலே மகாவின் குரல்: "வருதுக்கா, பொலபொலன்னு வருது. ஆர்டருக்குத் தச்சு வச்ச நைட்டியில கண்ணையும் மூக்கையும் சேத்துத் தொடச்சுட்டான், இத நான் எப்படிக்கா கடையில குடுக்க?"

ஒரு பிள்ளை கண்ணீர் விட்டு அழுகிறது என்று கேட்டதும் டாக்டரும் அட்மினும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் டீ சொல்கிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும், அந்த டீயையும் சூடாகக் குடிக்க விட மாட்டார்கள்.