விசில் மிஸ் விட்டுக்கொடுக்காத பீரியட்

அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சருக்கு விசில் மிஸ் என்றுதான் பெயர். வீட்டில் புருஷனே சில நேரம் அப்படித்தான் கூப்பிட்டான். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் வேலை பேருக்குத்தான். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மிஸ்" என்று கணக்கு டீச்சர் விளையாட்டுப் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த ஒரு நாள் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பந்துகள் காற்றிறங்கி அலமாரியில் கிடந்தன. போனால் போகிறது என்று அவளும் விட்டிருந்தாள்.

மகளும் அங்கேயே ஐந்தாம் வகுப்பு. அபூர்வமாகக் கிடைத்த ஒரு பீரியடில் விசில் மிஸ் அவளுக்கு நேராகப் பந்தைப் போட்டாள். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பந்து மூக்கில் வந்து அடித்தது.

"தூங்குறியாடி? கண்ணு எங்க போச்சு?"

"பந்து வந்தது தெரியலம்மா."

இதென்ன கூத்து! போன மாதம்தானே பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது? கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொன்னாளே! துருவித் துருவிக் கேட்டதில் குட்டு உடைந்தது. எதற்கும் உயரப்படி வரிசையாக நிற்கவைப்பது விசில் மிஸ்ஸின் வழக்கம். அன்றும் அப்படித்தான் நிறுத்தினாள். குட்டைகள் முன்னால், நெட்டைகள் பின்னால். பரிசோதனை அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனவர்கள் கத்திக் கத்திப் படிக்க, வாசலில் நின்றவர்களுக்கு எழுத்தெல்லாம் மனப்பாடம். இவளோ வகுப்பிலேயே நெட்டை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டாள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வோம். தப்பாச் சொன்னா சிரிப்பாங்க."

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கண்ணு உருண்டையா இருக்கணும். இவளுக்குப் பின்பக்கமா கொஞ்சம் நீளமா வளர்ந்துடுச்சு. அதான் தூரத்துல இருக்கறது மங்குது. வந்தது போகாது, கண்ணாடி போட்டே ஆகணும். இன்னும் வராத பசங்களையாவது தினமும் பகல் வெளிச்சத்துல வெளியில விடுங்க. வர்ற வாய்ப்பு குறையும்."

விசில் மிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பகல் வெளிச்சம்! அதைக் கொடுப்பதற்கென்றே ஒரு பீரியட் தன் கையில் இருந்ததே, அதைப் போய்த் தானம் பண்ணிக்கொண்டிருந்தோமே!

மகளுக்குக் கண்ணாடி வந்ததும் முதல் வேலையாகப் புது எழுத்து அட்டை ஒன்றை மாட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாம் வகுப்பை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். மக்கு என்று பெயர் வாங்கிக் கடைசி பெஞ்சுக்குப் போனவர்களில் பலருக்கு, பாவம், மேல் வரியே தெரியவில்லை. நேராகத் தலைமையாசிரியையிடம் போய் விஷயத்தைச் சொல்லி, தன் பீரியடைத் திருப்பிக் கேட்டாள்.

"அவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடலாம், கண்ணாடி போட்டுக்கட்டும்" என்றார் அவர். "பீரியட் கணக்குக்குத்தான்."

"நல்லாத் தெரியற பசங்களும் இருக்காங்க மேடம். அவங்களுக்கும் கெடற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"ரிசல்ட் குறைஞ்சா நீங்களா பதில் சொல்வீங்க?"

"கண்ணு கெட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

"இன்னும் ஒரு வார்த்தை பேசினா வேற வேலை தேடிக்க வேண்டியிருக்கும்!"

விசில் மிஸ் திரும்பி வெளியே வந்தாள். அடங்கிவிட்டாள் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார். அடங்குகிற ஆளா இவள்? உட்கார்ந்து எல்லாப் பந்துகளுக்கும் காற்றடித்தாள்.

மதியம் கணக்கு டீச்சர் சாக்பீஸை எடுக்கவும் வகுப்பு வாசலில் விசில் கிளம்பியது.

"சாக்பீஸைக் கீழ வைங்க மிஸ். இது என் பீரியட்."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"அந்த ஒரு நாள் நேத்தோட முடிஞ்சுபோச்சு."

பிள்ளைகள் டீச்சர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எடுத்தார்கள் ஓட்டம்! மகள் புதுக்கண்ணாடியை நாடாவால் பின்மண்டையில் கட்டிக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை பந்து கையில் வந்து விழுந்தது. பிடித்தவள் பள்ளிக்கூடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"அம்மா, மாடி ஜன்னல்ல ஹெச்.எம். மேடம்."

"இங்கிருந்து தெரியுதாடி உனக்கு?"

"முறைக்கிறதுகூடத் தெரியுதும்மா."

விசில் மிஸ் விசிலைக் கையில் எடுத்தாள். வேலை போனால் போகட்டும்.

"நல்லாப் பார்த்துக்கோ" என்றாள். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, மூச்சைப் பிடித்து விசிலை ஊதினாள்.